நூலகர் வர்தியா எடைக்குப் போடாத புத்தகங்கள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் பள்ளி நூலகத்தின் காவலராய், கண்டிப்பின் உருவாய், கனிவின் ஊற்றாய் விளங்கிப் பணி நிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய வர்தியா சித்தி அவர்களே!

மடல் எழுதும்படி ஆசிரியர்கள் என்னிடம் சொன்னபோது முதலில் மறுத்துவிட்டேன். பயந்தே பழகிய பெண் நான். ஆனால் என் பெரிய பயத்தைத் தீர்த்தவரே நீங்கள் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சென்ற செப்டம்பரில் எங்களுக்கு டேப்லெட் வந்தது. பழைய பாடநூல்களை எடைக்குப் போட்டுவிடும்படி உங்களுக்கு உத்தரவும் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "லாரி இன்னும் வரலை" என்றே ஆண்டு முழுவதும் சொன்னீர்கள். நாங்கள் சிரித்தோம், சித்தி. மன்னியுங்கள்.

பொதுத்தேர்வு நாட்களில், வினாத்தாள் கசியாமலிருக்க, அல்ஜீரியா நாடு முழுவதும் இணையத்தை நிறுத்துவார்கள் என்பது எங்கள் ஊர் பெஜாயாவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். இணையம் இருந்தால் மட்டுமே அந்த டேப்லெட்டில் பாடம் திறக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை!

காலைத் தேர்வு முடிந்தது. மாலையில் வரலாறு. தேர்வு மையத்தின் வாசலில் முப்பது பேர் இருண்ட திரைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். தோற்றால் இன்னும் ஓர் ஆண்டு. நான் அழுதுகொண்டே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சித்தி, புத்தகம் திறக்க மாட்டேங்குது."

"புத்தகத்துக்குப் பூட்டுப் போட்டது யாருடி? அழாம அங்கயே நில்லு."

அரை மணியில் உங்கள் தம்பியின் ரொட்டி வண்டியில் வந்து இறங்கினீர்கள். உள்ளே ரொட்டிக்குப் பதில் வரலாறு!

"என்ன, சாவு வீடு மாதிரி நிக்கிறீங்க? இறக்குங்கடா!"

எங்கள் வகுப்பு மாசினிசாவுக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. "சித்தி, இதுக்குச் சார்ஜ் எங்க போடறது?"

"உன் வாயில போடு. அதுதான் அணையவே மாட்டேங்குதே!"

அத்தனை பயத்திலும் அனைவரும் சிரித்துவிட்டோம்.

எனக்குக் கிடைத்த நூலில் யாரோ முன்பு படித்தவர் முக்கிய வரிகளை அடிக்கோடிட்டு, ஒரு தளபதிக்கு மீசையும் வரைந்திருந்தார். டேப்லெட்டில் அந்தப் பாடத்தை ஐந்து முறை தள்ளித் தள்ளிப் படித்தும் ஒன்றும் தங்கவில்லை. தேர்வறையில் கண்ணை மூடினேன், பக்கம் புரண்டது. இடப்பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி, மீசைக்கு நேர் கீழே நான் தேடிய தேதி இருந்தது! எடை குறைந்தது டேப்லெட்தான், தேடித் தருவதும் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் இடம் காட்டி நினைவில் நிற்பது தாள்தான் என்று அந்த மாலையில் அறிந்தேன்.

அறிவின் அரணே! அஞ்சியோர்க்கு ஆறுதலே! ஆணைக்கு அடங்காத அன்பே!

முடிவுகள் வந்துவிட்டன. இருபதுக்குப் பத்து எடுத்தால் தேர்ச்சி. என் சராசரி பத்துப் புள்ளி பூச்சியம் நான்கு. அப்பா மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிரவுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினோம்.

அந்தப் பத்து நான் படித்தது, சித்தி. மிச்சமிருக்கும் அந்தப் புள்ளி பூச்சியம் நான்கு உங்களுடையது. அதை வைத்துக்கொண்டு நோயின்றி, நூறாண்டு, எவர் உத்தரவுக்கும் காத்திராமல் நிம்மதியாக வாழுங்கள்!

என்றும் நன்றியுடன்,
இறுதியாண்டு இலக்கியப் பிரிவு மாணவர்கள் முப்பது பேர் சார்பில்,
திசிரி
பெஜாயா