சகலையின் கடைசிப் பேட்டி

கீழே ஷட்டரில் முதல் கல் விழுந்தபோது நான் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன். அரை ஸ்பூன்தான். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

முதலிலிருந்தே சொல்கிறேன், சார். எங்கள் கட்டடத்தில் இரண்டு செய்தி சேனல்கள். இரண்டாம் மாடி ஆளுங்கட்சிக்கு, மூன்றாம் மாடி எதிர்க்கட்சிக்கு. முதலாளி ஒருவரே. விளம்பரம் என்ற பெயரில் இரண்டு கட்சியும் அவருக்குப் பணம் தந்தன. இரண்டுக்கும் செய்தி ஆசிரியர் நான். படியேறி இறங்கியதில் தொந்தி குறைந்தது.

தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் என் சகலை, மனைவியின் தங்கை கணவர். 'பொதுமக்கள் கருத்து' கேட்டுத் தெருத்தெருவாக அலைவானேன்? தொப்பி போட்டால் அவர் ஒரு சேனலுக்குப் பொதுமக்கள்; கண்ணாடி போட்டால் இன்னொன்றுக்கு. பின்னால் வெறும் சுவர். ஒன்றைப் பார்ப்பவர் மற்றதைப் பார்ப்பதே இல்லை என்பதால் மாட்டிக்கொள்ளும் பயம் கிடையாது.

"சகலை, இன்னிக்கு யாரைத் திட்டணும்?" என்பார்.

"தொப்பியைப் போடுங்க, சொல்றேன்."

"தொப்பின்னா கொஞ்சம் காரமா வரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

நல்ல மனிதர்.

தேர்தல் நேரத்தில், ஆளுக்கொரு சேனலில் அவர் பேச்சைக் கேட்டு ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள். தம்பிக்கு ஒரு கண் போயிற்று. இரண்டு மாடியிலும் அன்று அதுதான் முதல் செய்தி. குற்றவாளி மட்டும் மாடிக்கு மாடி மாறினான்.

மறுநாள் சகலை தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வந்தார்.

"அந்தப் பையன் முகம் மனசை விட்டுப் போகல, சகலை. ரெண்டு ஆளும் நான்தான்னு ஊருக்கே சொல்லிடப் போறேன்."

"வீட்டுல தெரியுமா?"

"உங்க மச்சினிதான் சொல்லச் சொன்னா."

முதலாளியிடம் சொன்னேன். "உன் சொந்தம்தானே, நீயே பார்த்துக்க" என்றார். என்மேல் அவருக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு.

"மனசுல இருக்கறதை அப்படியே பேசுங்க" என்று சகலையைக் கடை வாசலிலேயே நிறுத்தினேன். பெயர்ப்பலகையும் முகவரியும் தெளிவாகத் தெரிந்தன. அவர் கைகூப்பிப் பேசினார். "ஆளுங்கட்சித் தலைவரும் திருடர், எதிர்க்கட்சித் தலைவரும் திருடர். இவங்களுக்காக அடிச்சுக்காதீங்க. உங்களை ஏமாத்தினவன் நான்தான்."

ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. முதல் வரியின் முதல் பாதியை இரண்டாம் மாடியில் போட்டேன், அடுத்த பாதியை மூன்றாம் மாடியில். மிச்சத்துக்கு நேரம் இல்லை.

மாலையில் தெருவின் இரண்டு முனையிலிருந்தும் கூட்டம் வந்தது. இரு கட்சிக்காரர்களும் ஒரே காரியத்தை ஒன்றாகச் செய்து நான் பார்த்தது அன்றுதான். சகலை போன் செய்தார்.

"பின்வாசல் வழியா ஓடிடவா, சகலை?"

"வேணாம். ஷட்டரை இறக்கிட்டு உள்ளேயே இருங்க. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. கடை முழுக்கக் காகிதம், சீக்கிரம் பற்றிக்கொண்டது. மச்சினி இப்போது என்னிடம் பேசுவதில்லை. துக்கம்தான், போகப் போகச் சரியாகிவிடும்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே உங்க கேமரா எதிர்ல வந்து நின்னுடுச்சாமே?"

"ரெண்டு கேமரா சார், சேனலுக்கு ஒண்ணு. நாங்க யார் பக்கமும் சாயறதில்ல."