மெர்வ் வீசிய பேப்பர்

கதவைச் சாத்திவிட்டு நெருப்புக்குப் பக்கத்தில் வாருங்கள். பாதியில் எழுந்து வெளியே போகிற ஆசாமிகள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பிறகு துணைக்கு வா என்று என் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

விடிய இன்னும் வெகுநேரம் இருக்கிற வேளை. கூரம்பில் என்கிற ஊரிலிருந்து கோதுமைக் கிடங்குகளுக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் அறுத்துப்போட்ட வயல். மறுபக்கம் ரயில் வராத தண்டவாளம். இங்கொரு வீடு, அங்கொரு வீடு... பிறகு வெறும் இருட்டு. அந்த நேரத்தில் அங்கே ஓடுகிற வண்டி ஒன்றே ஒன்றுதான். பேப்பர் வண்டி.

ஓட்டுகிறவள் நோலீன். நம் டாரிலின் அத்தை. டாரில் பொய் சொல்கிற ஆள்தான், ஆனால் அதெல்லாம் மீன் பிடித்த கதையோடு சரி. இதைச் சொன்னபோது முன்னாலிருந்த பீரை அவன் தொடவே இல்லை. நான் பார்த்தேன்.

நோலீனும் அவள் கணவன் டெஸ்ஸும் மெர்வ் என்ற கிழவரின் பேப்பர் கடையை வாங்கியிருந்தார்கள். கடையில் பத்திரிகை, வாழ்த்து அட்டை, லாட்டரிச் சீட்டு எல்லாம் உண்டு. ஆனால் கடைக்குக் கஞ்சி ஊற்றியது விடியற்காலைச் சுற்றுதான். மெல்போர்ன் லாரி கட்டுகளை நடைபாதையில் எறிந்துவிட்டுப் போகும். ஒவ்வொரு பேப்பரையும் சுருட்டி, பிளாஸ்டிக் சுற்றி, வண்டியில் குவித்து, ஓட்டிக்கொண்டே வீட்டு முற்றங்களில் வீச வேண்டும். வலப்பக்க வீடுகளுக்கு ஜன்னல் வழியாக நேராக. இடப்பக்க வீடுகளுக்கு வண்டிக் கூரைக்கு மேலே தூக்கி. ஒற்றை ஆளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். மெர்வ் அந்தச் சுற்றிலேயே ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி செத்துப்போனவர். அன்று பாதி ஊருக்குப் பேப்பர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கடை இவர்கள் கைக்கு வந்தது.

முதலில் சுற்றுக்குப் போனது டெஸ்தான். ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அறுவை சிகிச்சை நடந்தது. இனி வேலை, குளிர் இரண்டும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனைத் தனியாக விட்டுவிட்டு நோலீன் கிளம்ப வேண்டியிருந்தது. வீடோ ஊர்க்கோடியில். கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. வழியில் போனுக்கு சிக்னலும் கிடையாது.

"நான் என்ன பால் குடிக்கிற புள்ளையா? போய் வேலையப் பாரு," என்பான் டெஸ், போர்வைக்குள்ளிருந்து.

"பால் குடிக்கிற புள்ளையா இருந்தா இடுப்புல தூக்கிட்டுப் போயிடுவேனே. எருமை மாதிரி இருக்கியே."

சிரித்துக்கொண்டுதான் கிளம்புவாள். தெரு திரும்பியதும் சிரிப்பு போய்விடும். பேப்பரை வீசுவது கை மட்டும்தான், மனசு முழுக்க அந்தப் படுக்கையறையில் கிடக்கும். மூச்சு விடுகிறானா... தண்ணீர் எட்டுகிற இடத்தில் வைத்தேனா... அவன் இல்லாமல் அவளுக்கு ஒரு வாழ்க்கை இல்லை. இருப்பதாக நடிக்கவும் அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் சுற்று முடித்து வந்தால், அவர்கள் வீட்டு முற்றத்திலேயே ஒரு பேப்பர் கிடந்தது. எந்தப் பேப்பர் கடைக்காரரும் தன் வீட்டுக்குப் பேப்பர் வீசுவதில்லை. அதில் பிளாஸ்டிக் இல்லை. கையாலேயே மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, செங்கல் மாதிரி இறுக்கியிருந்தது. அந்த மடிப்பு ஊரில் ஒருவருக்குத்தான் வரும்... மெர்வுக்கு. முகர்ந்து பார்த்தாள். காயாத அச்சு மை. அதன் அடியில் ஈரப் புகையிலை.

"எவனோ வெளையாடுறான்," என்றான் டெஸ். எடுத்துக் குதிரைப் பந்தயப் பக்கத்தைப் பிரித்தான்.

மறுநாள் கிடங்குச் சாலை. நோலீன் வீசினாள். தொப். வண்டி நகர்ந்தது... பின்னால், இருட்டில், இன்னொரு தொப்.

நிறுத்தினாள். அவளுடைய எஞ்சின் அடங்கியது. ஒரு மூச்சு கழித்து, பின்னால் இன்னொரு எஞ்சின் அடங்கியது. கண்ணாடியில் விளக்கில்லை, ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாகப் புகையிலை வாசனை மட்டும் மெதுவாக உள்ளே வந்தது. அவள் மிதித்த மிதியில் வண்டி துள்ளிக்கொண்டு பறந்தது.

அன்று மதியம் கிடங்குச் சாலைத் தெல்மா கிழவி கடைக்கு வந்தாள். தனியாக இருக்கிறவள். வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டு.

"ஏன் கண்ணு, புதுசா ஆள் போட்டிருக்கியா? காலையில என் கதவத் தட்டிட்டான்."

"யாரு?"

"நேத்து முட்டி வலி, பேப்பரை எடுக்கல. அது அப்படியே கிடந்துச்சு. விடியறதுக்குள்ள தட்டி, 'நல்லா இருக்கியா தெல்மா'ங்கிறான். நல்லாத்தான்யா இருக்கேன், தூங்க விடுன்னு கத்தினேன். மெர்வ் பண்ற வேலை மாதிரியே இருந்துச்சு, போ."

அது மெர்வின் வழக்கம்தான். முற்றத்தில் நேற்றைய பேப்பர் கிடந்தால் வண்டியை நிறுத்துவார். கதவைத் தட்டுவார். குளியலறையில் விழுந்து கிடந்தவர்கள் சிலர் அவர் தட்டியதால் பிழைத்தவர்கள்.

நோலீனுக்குப் பயத்தோடு கூடவே ஒரு ஆசையும் எட்டிப் பார்த்தது. பயந்தவளுக்கு ஆசை வரலாமா? அவளுக்கு வந்தது. மறுநாள் கிடங்குச் சாலையில் பின்னால் அந்த எஞ்சின் கேட்டதும், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"மெர்வ்... எங்க வீட்டையும் கொஞ்சம் பாத்துக்கோங்க. டெஸ் தனியா இருக்கான்."

எஞ்சின் திரும்பி ஊர்ப்பக்கம் போகிற ஓசை மட்டும்.

அவள் அதைக் கேட்டிருக்கக் கூடாது. எனக்கு இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அவள் இடத்தில் நானிருந்தாலும் கேட்டிருப்பேன்.

அந்தச் சாலை முழுக்க அமைதி. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த அமைதியே உறுத்தத் தொடங்கியது. போன ஆள் ஏன் திரும்பவில்லை? பாதிப் பேப்பர் மிச்சம் இருக்க, வண்டியைத் திருப்பினாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. டெஸ் படுக்கையில் மல்லாந்து கிடந்தான். சில்லிட்டுப் போயிருந்தான். மணிக்கட்டு வரை இரண்டு கையும் கறுப்பு. தொட்டாள், விரலில் ஒட்டியது. காயாத அச்சு மை.

விடிந்ததும் தெல்மா கேக் தட்டோடு வந்து நின்றாள். அவளுக்கு இன்னும் சேதி தெரியாது.

"சொல்லவே இல்லியே, கள்ளி! டெஸ் தேறிட்டானே! வயசானவர் ஒருத்தர் ஓட்டுறாரு, இவன் வீசுறான். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தொப்பு தொப்புனு. என்னைப் பாத்துக் கையாட்டினான் கண்ணு!"

நோலீன் வண்டியை எட்டிப் பார்த்தாள். மிச்சமிருந்த பேப்பர் ஒன்றுகூட இல்லை.

அதன்பின் கடையை விற்றுவிட்டாள். பேப்பர் மட்டும் தினமும் அவள் முற்றத்தில் விழுந்தது. விழுந்த ஓசை அடங்குமுன் ஓடிப்போய் எடுத்துவிடுவாள். கிடக்க விட்டால் தட்டுவார்களே... அந்த நினைப்பிலேயே தூக்கம் போய்விட்டது.

இந்தக் குளிர்காலத்தில் காய்ச்சலில் விழுந்தாள். டாரில் போய்த் துணைக்கு இருந்தான். அவனுக்கு என்ன தெரியும்? பேப்பர் முற்றத்திலேயே கிடந்தது. மறுநாள், இருட்டோடு... கதவு தட்டல்.

"நோலீன்... நேத்து பேப்பர் அப்படியே கிடக்கே. நல்லா இருக்கியா?"

டெஸ் மாமாவின் குரல். அத்தை எழுந்து உட்கார்ந்து தலைமுடியைக் கோதிக்கொண்டாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கதவை நோக்கி நடந்தவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டான் டாரில். தட்டல் நின்றது. எஞ்சின் கிளம்பியது. தெருவின் இரு பக்கமும் தொப், தொப் என்ற ஓசை தேய்ந்து போனது.

அத்தைக்கு இப்போது உடம்பு தேவலையாம். நன்றாகத் தூங்குகிறாளாம். நேற்று மாலை டாரில் பார்க்கப் போயிருந்தான். காலையில் விழுந்த பேப்பர் முற்றத்தில் அப்படியே கிடந்தது. எடுக்கக் குனிந்தான். "அங்கேயே இருக்கட்டும், தொடாதே," என்றாளாம் அத்தை, ஜன்னலில் நின்று உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டே.