கேட்டும் கேட்காத ஜாஸ்

சாக்ஸபோன்காரர்: திரும்பச் சொல்லு. நான் நல்லா வாசிச்சிட்டேன். அதனால என்னைத் தூக்கிட்டீங்க. அப்படித்தானே?

மச்சான்: தூக்கலை மாமா. உங்க பாட்டு மட்டும் ஆல்பத்துல வராது.

சாக்ஸபோன்காரர்: அதுக்குப் பேரு என்ன, பதவி உயர்வா?

மனைவி: மேஜையில தட்டாதீங்க. விடைத்தாள் எல்லாம் சரியுது.

சாக்ஸபோன்காரர்: உன் தம்பி பண்ணியிருக்கிற வேலையைக் கேட்டியா?

மனைவி: காது இருக்கே. கேட்டுத்தானே ஆகணும்.

மச்சான்: மாமா, ஆல்பத்தோட பேரைப் பாருங்க. 'மென்மையான ஜாஸ்: வேலை செய்ய, காபி குடிக்க, சும்மா இருக்க.' இதுல எங்கயாவது 'கேட்க'ன்னு போட்டிருக்கா?

சாக்ஸபோன்காரர்: பன்னிரண்டு பாட்டைப் போட்டு ஒருத்தனும் கேக்கக் கூடாதுன்னா, அப்புறம் எதுக்குடா...

மச்சான்: பின்னணிக்கு. ஓடுறது தெரியக் கூடாது, நின்னாத்தான் தெரியணும். எங்க கம்பெனி இயக்குநரோட கொள்கை.

சாக்ஸபோன்காரர்: அவர் என்ன வாத்தியம் வாசிப்பார்?

மச்சான்: முன்னாடி ஏசி விற்பனையில இருந்தார்.

சாக்ஸபோன்காரர்: ...அதான பார்த்தேன்.

மச்சான்: பரிசோதனைன்னு ஒண்ணு வச்சிருக்கோம் மாமா. பல் டாக்டரோட வெயிட்டிங் ரூம்ல எல்லாப் பாட்டையும் போடுவோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால நான் நோட்டோட உக்காந்திருப்பேன். ஒரு தலை நிமிர்ந்தாலும் அந்தப் பாட்டு அவுட். பதினோரு பாட்டுக்கு ஒருத்தரும் அசையலை. உங்களோடது வந்தது...

சாக்ஸபோன்காரர்: வந்தது?

மச்சான்: ஒரு அம்மா பத்திரிகையை மடியில கவுத்துட்டு, நிமிர்ந்து ஸ்பீக்கரையே பார்த்தாங்க.

சாக்ஸபோன்காரர்: ஒரே ஒரு அம்மா பார்த்ததுக்கா என் பேரை அட்டையிலிருந்து அடிச்சீங்க? இருபத்திமூணு வருஷமா ஹோட்டல் வரவேற்பறையில வாசிக்கிறேன்டா. பெட்டி உருட்டுற சத்தத்துக்கு நடுவுல. ஒரு இசைத்தட்டுல என் பேர் வந்ததில்லை. இதுல வருதுன்னு அங்க கதவு திறந்து விடுறவர் வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன்.

மனைவி: பால்காரர்கிட்டயும் சொல்லியாச்சு. அவர் என்கிட்ட துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டாரு.

சாக்ஸபோன்காரர்: நீ திருத்து, நீ திருத்து... எவ்வளவு நேரம் பார்த்தாங்க?

மச்சான்: யாரு?

சாக்ஸபோன்காரர்: அந்த அம்மா.

மச்சான்: ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்.

சாக்ஸபோன்காரர்: ம்... நான் தனியா வாசிக்கிற இடம் முழுசும். முகம் எப்படி இருந்துச்சு?

மச்சான்: பல்வலிக்காரங்க முகம் எப்படி இருக்கும்?

சாக்ஸபோன்காரர்: அதில்லடா. உருக்கமா... ஏதாவது...

மனைவி: வீங்கியிருந்திருக்கும்.

சாக்ஸபோன்காரர்: உனக்கு எங்க தெரியப் போகுது. இந்த வீட்டுல நான் சாக்ஸபோனை வாயில வச்சாலே கதவைச் சாத்துறவ நீ.

மனைவி: இருபத்திமூணு வருஷமா அதே நாலு வரியில ஏறி ஏறி இறங்கினா, கதவைச் சாத்தாம என்ன பண்றது? எதிர் வீட்டு நாயே இடம் மாறிப் படுக்குது.

மச்சான்: அக்கா, மாமா... கொஞ்சம் என்னையும் பாருங்க. மூணு மணிக்கு அட்டை அச்சுக்குப் போகுது. ஒரே ஒரு வழி இருக்கு. நிமிர்ந்தவங்க வாசிச்சவருக்குச் சொந்தக்காரங்கன்னா அதைக் கணக்குல சேர்க்க மாட்டோம். பாட்டு உள்ள வந்துடும்.

சாக்ஸபோன்காரர்: சொந்தமாவது பந்தமாவது. எனக்கு யாருன்னே தெரியாத அம்மாடா அவங்க.

மச்சான்: ஒருவேளை சொந்தமா இருந்தா?

சாக்ஸபோன்காரர்: என் சொந்தத்துல ஒருத்தி நிமிர்ந்து பார்த்திருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்?

மச்சான்: அக்கா... நீ என்ன சொல்ற?

மனைவி: நான் என்ன சொல்லணும்? ஏழாவது கேள்விக்கு எல்லாரும் ஒரே தப்பா எழுதியிருக்கானுங்க. அதைப் பாத்துட்டிருக்கேன்.

சாக்ஸபோன்காரர்: அவளை விடு. மச்சான், ஒரு முடிவுக்கு வந்துட்டேன். பேரும் வேண்டாம், ஆல்பமும் வேண்டாம்.

மச்சான்: மாமா...

சாக்ஸபோன்காரர்: வலியோட உக்காந்திருந்த ஒருத்தங்க, யார் வாசிக்கிறான்னு கூடத் தெரியாம ரெண்டே முக்கால் நிமிஷம்...

மச்சான்: ரெண்டு நாப்பது.

சாக்ஸபோன்காரர்: அது போதும் எனக்கு. நீ அவங்க விலாசத்தை மட்டும் வாங்கிக் குடு. நேர்ல போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வரேன்.

மச்சான்: விலாசமா... தலைவலி மாமா உங்களோட. அக்கா, சொல்ல மாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்தேன். குடுத்தது தப்புன்னு இப்பத் தெரியுது.

சாக்ஸபோன்காரர்: இவளுக்கு எதுக்கு வாக்கு? என்னத்தைச் சொல்ல மாட்டேன்ன?

மனைவி: விலாசம் இதேதான்... சட்டையை மாட்டிட்டு எங்கயும் கிளம்ப வேண்டாம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனேன். யாரு இவ்வளவு நல்லா வாசிக்கிறாங்கன்னு பார்த்தேன், வெளிய வந்து இவன்கிட்டயே கேட்டேன்... நீங்கன்னு தெரிஞ்சிருந்தா குனிஞ்ச தலை நிமிர்ந்திருக்க மாட்டேன்.