நூறு நாள் பச்சை விளக்கு

நாற்காலி நிறைய வீற்றிருந்து இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் முதலாளி அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் பள்ளி வேன் எப்போது வருமென்று எங்கள் செயலியை நம்பி வாசலில் நிற்கும் தாய்மார்களே! எனக்குப் பெண் கொடுத்த குற்றத்துக்காக இங்கே வரவழைக்கப்பட்டிருக்கும் மாமனார் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? ஓர் இயந்திரத்தைப் பாராட்ட! யார் நிறுவிய இயந்திரம்? அடியேன் நிறுவிய இயந்திரம்! கைதட்டாதீர்கள், பொறுங்கள், பிறகு வருத்தப்படுவீர்கள். நான் உட்பட எங்கள் புரோகிராமர்கள் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் போதும். இயந்திரம் அதை உடனே வாங்கி, மென்பொருளை முழுதாகத் தொகுத்து, சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டி, சரியென்றால் பச்சை விளக்கும் பிழையென்றால் சிவப்பு விளக்கும் எரியவிடும்.

நிறுவிய அன்று பச்சை! மறுநாளும் பச்சை! நிதானமாய் எழுதியதும் பச்சை, அரைத்தூக்கத்தில் எழுதியதும் பச்சை! நூறு நாளும் பச்சை! எனக்குச் சந்தேகம் வந்ததா? வரவில்லை, தலைக்கனம்தான் வந்தது. அழைப்பிதழில் 'தானியங்கியின் தந்தை' என்று என்னைப் போட்டபோது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னவன் நான்.

அதோ, மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் சோதனை அக்கா. பதினான்கு ஆண்டுகளாக எங்கள் மென்பொருளைக் கையால் தட்டித் தட்டிச் சோதித்தவர். இயந்திரம் வந்துவிட்டதால் இன்றோடு அவருக்கு வேலை இல்லை. இந்த விழாவிலேயே அவருக்கு விடைகொடுப்பதாக ஏற்பாடு.

இன்று காலை மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, எப்பப் பாத்தாலும் பச்சையாவே எரியுதே, இது என்னென்ன பாக்குது?"

"எல்லாத்தையும் பாக்குதுக்கா."

"எத்தனைன்னு காட்டு, பாப்போம்."

காட்டினேன். திரையில் இரண்டே வரிகள். ஓடிய சோதனைகள்: பூஜ்யம். தோல்விகள்: பூஜ்யம்!

பெரியோர்களே, சோதனைகள் இருந்த கோப்புறை ஒன்று, நான் இயந்திரத்துக்குக் காட்டிய கோப்புறை வேறொன்று. அது காலி! நூறு நாளாக என் இயந்திரம் வெற்றிடத்தைச் சோதித்து, வெற்றிடத்தில் பிழையில்லை என்று வெற்றி முழக்கமிட்டிருக்கிறது!

"கேள்வியே இல்லாத பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கியிருக்கியேப்பா," என்றார் அக்கா.

யாரது அங்கே சிரிப்பது? மாமனாரா? சிரியுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

அப்படியானால் நூறு நாளும் செயலி எப்படி ஒழுங்காக ஓடியது? தினமும் காலையில் எங்களுக்கு முன்னால் வந்து, எங்கள் பிழைகளைத் தேடிப் பிடித்து, யார் மானமும் போகாமல் அவரவர் மேசையில் துண்டுச் சீட்டு வைத்தது யார்? அக்கா! திருத்தியது நாங்கள், பேர் வாங்கியது இயந்திரம்! போன வாரம்தான் 'இனி உங்களுக்கு எதற்குச் சிரமம்' என்று அவர் சோதிப்பதை நிறுத்தினோம். அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோப்புறையைச் சரியாகக் காட்டி இன்று மறுபடி ஓட்டினேன். ஒரே வாரத்தில் பதினேழு பிழைகள்! அதில் ஒன்று என்ன தெரியுமா, தாய்மார்களே? வேன் உங்கள் தெருவுக்கே வந்திருக்காது, ஆனால் பிள்ளை பள்ளியில் பத்திரமாக இறங்கிவிட்டதாகச் செயலி சொல்லும்! நாளை வெளியாகும் புதிய பதிப்பில் அது உங்கள் கைக்கு வந்திருக்கும்.

முதலாளி தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள் அய்யா, அடுத்த வாக்கியத்துக்குத் தேவைப்படும். அக்காவுக்கு விடைகொடுக்கும் கடிதம் உங்கள் சட்டைப் பையில்தானே இருக்கிறது? அதைக் கிழியுங்கள்! இயந்திரம் ஓடட்டும், ஓயாமல் ஓடட்டும். ஆனால் எதைச் சோதிப்பது என்று அதற்குச் சொல்ல அக்கா வேண்டும்! யாரையாவது அனுப்பியே தீரவேண்டுமென்றால் இந்தத் தந்தையை அனுப்புங்கள்!

கிழித்துவிட்டார்! இப்போது தட்டுங்கள் கையை!

என்ன அக்கா? எழுந்து நின்று ஏதோ சொல்கிறீர்களே, சத்தமாகச் சொல்லுங்கள்...

"நீ எங்கயும் போக வேணாம். அந்தப் பதினேழுல பதினாறு நீ எழுதினது. இறங்கி வந்து சரி பண்ணு!"

இறங்குகிறேன். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம்.