தூசிக் கட்டியில் ஒரு வெற்றுக் கதிரை

விசிறியற்ற மண்டபத்தில் வியர்வை வழிய வீற்றிருக்கும் அவைத் தலைவர் மார்க்கண்டு ஐயா அவர்களே, குருநகரிலிருந்து குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மாரே, சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த பெரியோரே, திருநெல்வேலி மாணவ மணிகளே, அனைவர்க்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

மேடையில் இருக்கும் யசிந்தாவைப் பாருங்கள். கடற்றொழிலாளி லியோனின் மகள். இவள் ஆராய்வது வலையை அல்ல, வள்ளத்தை அல்ல. விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் தூசியை. அத்தூசி அவல் உருண்டை போலக் கட்டிபட்டுக் கிடக்கிறது. விண்மீன் ஒளியில் சூடேறுகிறது. அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிராக வெளியே விடுகிறது. எவ்வளவு விடுகிறது? இதுவே இவளின் மூன்றாண்டுக் கேள்வி.

ஒற்றைத் துகளென்றால் ஒரு பொழுதில் கணக்கு முடியும். கட்டிபட்ட துகளோ அடுத்த துகளையும் தன் ஒளியால் தொடுகிறது. அதனால் தானும் தொடப்படுகிறது. கணினி செய்ய வேண்டிய கணக்கு. மின்சாரம் எங்கே? போரின் பேரால் பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தடை, சவர்க்காரத்துக்கும் தடை. சிந்தனைக்குத் தடை போட எந்தச் சோதனைச் சாவடியால் இயலும்?

ஆகவே பன்னிரண்டு பேர் வட்டமாகக் கதிரை போட்டோம். ஆளுக்கொரு துகள். நானும் ஒரு துகள். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், என் உடம்புக்கு அது பொருந்தாதுதான். மடக்கை அட்டவணையோடு அவரவர் எண்ணைக் கணிப்போம், மற்றவர்க்குச் சொல்வோம், மற்றவர் எண்ணைக் கேட்டு நம்முடையதைத் திருத்துவோம். எண்கள் மாறாமல் நிற்கும்வரை சுற்று ஓயாது.

எண்கள் அப்படி நிற்கப்போகும் வேளையில், எங்களில் ஒருவனான பிலிப்பு கிளாலிக் கடலேரி தாண்டி வெளிநாடு போனான். வெறும் கதிரையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

"போனவன்ரை துகளை விட்டிட்டு மிச்சத்தைப் போடுவம்" என்றார் எங்கள் வட்டத்துப் பஞ்சலிங்கம்.

"ஒண்டை எடுத்தால் அது வேறை கட்டி, அண்ணை. எங்கடை எண் எல்லாம் மாறும்" என்றாள் யசிந்தா.

அவள் சொன்னதே சரி. அன்று பாதியில் நின்ற கணக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. இவளின் மூன்றாண்டும் அதோடு நிற்கிறது. அந்தக் கதிரைக்கு ஆள் கேட்கவே இந்த மேடை.

"உந்தக் கணக்காலை எங்களுக்கு மண்ணெண்ணெய் வருமோ" என்று கேட்கிறார் முன்வரிசை ஐயா. வராது ஐயா. ஆனால் உலகில் எவரும் அறியாத ஓர் எண்ணை, விளக்கில்லாத நாம் அறிந்தோம் என்ற பெயர் வரும். அது போதாதா? எனக்குப் போதும்.

யார் வருகிறீர்கள்? மடக்கை தெரிந்தவர் ஒருவர், ஒரேயொருவர்?

பின்வரிசையில் ஒரு கை. எழுந்து சொல்லுங்கள் அம்மா. அவையோரே, இவர் பிலிப்பின் தாயார், கணித ஆசிரியை யோசப்பின்.

"அவனுக்கு மடக்கை பழக்கினது நான்தான். அந்தக் கதிரையிலை நான் இருக்கிறன்."

வழிவிடுங்கள் அவையோரே, வழிவிடுங்கள். இனி எனக்கென்ன பேச்சு? பொறுத்திருந்து கேட்ட உங்கள் எல்லோர்க்கும் நன்றி, வணக்கம்.

ரீச்சர், வாங்கோ. உங்கடை துகள் ஏழாவது.