திரும்பி ஓடின கறண்ட்

"உங்கடை வள்ளத்துப் பற்றரியைக் குடிச்சது அந்தச் சோலார் தகடுதான்."

கொழும்புத்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையிலிருந்த பெண் தன் கணவரிடம் இப்படிச் சொன்னாள். அவர் கடற்றொழிலாளி.

"தகடு பற்றரிக்குக் குடுக்கிறதெல்லோ?"

"பகலிலை குடுக்கும். பொழுதுபட்டா, இடையிலை இருக்கிற ரெகுலேற்றருக்குள்ளாலை கறண்ட் திரும்பித் தகட்டுக்கு ஓடியிருக்கு. அதுதான் முந்தநாள் இரவு வள்ளத்திலை உங்கடை போனுக்குச் சார்ஜ் ஏறேல்லை."

"நீர் எனக்கு எத்தினை தரம் போன் எடுத்தனீர்?"

"எண்ணேல்லை. விடியுமட்டும் கரையிலைதான் நிண்டனான்."

அவள் மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ரெகுலேற்றரின் பச்சை மின்சுற்று அட்டை இருந்தது. அதில் தான் ஈயம் உருக்கி ஒட்டியிருந்த சின்னக் கறுப்பு டயோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இனிக் கறண்ட் ஒரு பக்கம்தான் ஓடும். திரும்ப இது விடாது. யாழ்ப்பாண ரவுன் கடையிலை ஒருக்காச் சோதிச்சுப்போட்டு வள்ளத்திலை பூட்டுவம்."

"உப்புக்காத்திலை இது பழுதானா?"

"பழுதானா இருட்டமுன்னம் கரைக்கு வாங்கோ."

"வலையிலை மீன் படாட்டி?"

"படாட்டியும் வாங்கோ."

"ஓம், வாறன்," என்றவர், பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.