வலப்பக்கம் ஏறும் பெண்

தலைமை ஏற்றிருக்கும் பெர்னிஸ் அம்மையார் அவர்களே, பனியிலும் வெயிலிலும் மாடு மேய்த்து முதிர்ந்த பெரியோர்களே, பேரக் குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் தொப்பிக்குள் தூங்கும் நண்பர்களே, அனைவருக்கும் இந்த எம்மெட்டின் வணக்கம்.

நம் வயோமிங் மலையடிவாரத்து மன்றத்துக்கு வெள்ளையடித்தாயிற்று. அதற்காகக் கழற்றிய பழைய நாட்காட்டிப் படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டுவதா, பரணில் போடுவதா? அதுதானே இன்றைய கேள்வி?

படத்தில் குதிரையேறும் ஒரு பெண். சிவப்புப் பூட்ஸ், குட்டைப் பாவாடை, நழுவும் தொப்பி. வலது கால் சேணத்தில் தொங்கும் அங்கவடியில். இடது கால் நீட்டியபடி. திரும்பி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். குதிரையில் இடப்பக்கமாக ஏறுவது நம் வழக்கம். இவளோ வலப்பக்கமாக ஏறுகிறாள்.

"பட்டணத்து ஓவியனுக்குக் குதிரைக்குத் தல எது, வாலு எதுன்னே தெரியல" என்று சிரித்தோம். "தொடையக் காட்டத் தெரிஞ்சவளுக்கு ஏறத் தெரியலையே" என்றோம். என்ன லாய்ட், குனிகிறீரே, சொன்னது நீர்தானே?

ஓவியன் தவறவில்லை, அன்பர்களே. அந்தப் பெண் இதோ, முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். என் மனைவி ஓபல்.

அமைதி, அமைதி.

மலைக்கு அப்பால் அவள் அப்பாவின் பண்ணை. பனிப்புயலில் கன்றுகளைத் தேடிப் போனவள் குதிரையோடு உறைந்த ஓடையில் விழுந்தாள். கன்றுகள் வீடு வந்தன. அவளுடைய இடது முழங்கால் அதன்பின் மடங்கவேயில்லை. மடங்காத காலை அங்கவடியில் வைக்க முடியுமா? முடங்கிக் கிடந்தாளா? இல்லை. வலப்பக்கம் ஏறக் குதிரையைப் பழக்கினாள்.

நாட்காட்டிக்கு வரைய வந்த ஓவியன், "அந்தப் பக்கம் போய் நில்லும்மா. எல்லாரும் அப்படித்தானே ஏறுவாங்க" என்றானாம்.

"எல்லாரையும் வரையணும்னா எல்லாரையும் கூப்பிடு. நான் ஏறுற பக்கம் இதுதான்" என்றாளாம் ஓபல்.

எந்தக் காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம்? எந்தக் காலை 'அடடா, என்ன நீளம்' என்று மெச்சினோம்? மடங்காத அந்தக் காலைத்தான். அவள் வலியைத்தான் வனப்பு என்றோம். அவள் வைராக்கியத்தைத்தான் கவர்ச்சி என்றோம்.

என்னை மணந்து இங்கே வந்தபோதே அந்தப் படம் இந்தச் சுவரில் இருந்தது. யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை; "நீதான்னு சொல்லிடவா?" என்றேன். "சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். நான் சுவத்துல இருக்கேன்ல" என்றாள். இன்று காலை அடுப்பில் அப்பத்தைத் திருப்பிக்கொண்டே, "பரணுல இருட்டா இருக்குமே" என்றாள். அவ்வளவுதான்.

என்ன ஓபல்? "கிழவா, காப்பி ஆறுது, எறங்கி வா" என்கிறாள். இதோ, முடித்துவிட்டேன்.

படம் சுவருக்கு வேண்டும் என்போர் கையைத் தூக்க வேண்டாம். ஒரு பெண்ணுக்கு நாம் செய்யும் மரியாதையைச் செய்யுங்கள், போதும்.

லாய்ட், முதலில் தொப்பியைக் கழற்றியவர் நீரா? நன்றி. அங்கே... கடைசி வரிசையிலுமா? இந்த ஊரில் இத்தனை வழுக்கைகள் உண்டென்று இன்றுதான் அறிந்தேன். அத்தனை வழுக்கைகளுக்கும் என் நன்றி, என் வணக்கம்.

ஓபல், வருகிறேன். இனி இருட்டு இல்லை.